மெக்சிகோ சினிமா: படம் பெருகியும் காட்சி கிடைக்காதது ஏன்?

திரைக்கணக்கு (கேள்வி; கீழே மற்றவர்களின் பதில்கள்)
1990 வாக்கில் மெக்சிகோவில் வருஷத்துக்கு நூறு படம் வரை எடுத்தார்கள். 1997-இல் பத்தைக்கூடத் தொடவில்லை. இப்போது 200-ஐத் தாண்டுகிறது. நாஃப்டாதான் (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்) கொன்றது என்றால், அது அமலில் இருக்கும்போதே எப்படி மீண்டது? இயக்குநர்கள் குவாரோன், டெல் தோரோ, இன்யாரிட்டு ஹாலிவுட் போனதும் இதனால்தானா?

பழைய ப்ரொஜெக்டர்
நாஃப்டா வந்தது 1994 ஜனவரியில். அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது, 1992 டிசம்பரில் அதிபர் சலினாஸின் அரசு கொண்டுவந்த சினிமா சட்டத்தில். அதுவரை தியேட்டர்கள் பாதி நேரத்தை உள்நாட்டுப் படத்துக்கு ஒதுக்க வேண்டும். புதுச் சட்டம் அதை 1993-இல் 30% ஆக்கி, வருஷத்துக்கு 5 புள்ளி இறக்கி, 1997-இல் 10%-க்குக் கொண்டுவந்தது; அந்த வருஷக் கடைசியோடு ஒதுக்கீடே போனது. டிக்கெட் விலைக்கு இருந்த கட்டுப்பாடும் போனது. 1993-இல் அரசின் தியேட்டர் நிறுவனமான கோட்சாவை டிவி சேனல்களோடு ஒரே மூட்டையாகக் கட்டி விற்றார்கள்.

ஒதுக்கீட்டைவிடப் பெரிய சேதம் முன்பணம் நின்றதுதான். தயாரிப்பாளர்களுக்கு முன்பணம் தந்துவந்த பழைய விநியோக அமைப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே சரிந்துவிட்டது. 1994 டிசம்பரில் மெக்சிகோ நாணயமான பெசோவும் வீழ்ந்தது. டாலரில் வாங்கும் பிலிம் சுருளுக்கு பெசோவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தர வேண்டிய நிலை. மலிவு டிக்கெட்டில் படம் பார்த்த உழைக்கும் மக்களின் பெரிய ஒற்றைத் திரை அரங்குகள் மூடின. மாலில் மல்டிபிளெக்ஸ் வந்தது. பார்வையாளர் மாறியதும் கதையும் மாறி, நடுத்தர வர்க்கக் காதல் நகைச்சுவைப் பக்கம் போனது.

மூணாவது ரீல்
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அந்த நூறு படத்தில் பெரும்பகுதி சில வாரத்தில் சுருட்டிய மலிவுச் சரக்கு. 50% ஒதுக்கீடும் ஏட்டளவில்தான். முழுதாக யாரும் அமல்படுத்தவில்லை. பொற்காலத்தைச் சந்தை கொன்றது என்று எழுதினால் கணக்கு தப்பும்.

மூன்று இயக்குநர்களையும் ஒரே பெட்டியில் போடவும் முடியாது. குவாரோனின் முதல் படமும் (1991) டெல் தோரோவின் முதல் படமும் (1993) அரசின் திரைப்பட நிறுவனமான இம்சினேயின் பணம் கலந்தவை. விளம்பரத் துறையிலிருந்து வந்த இன்யாரிட்டுவின் 2000-ஆம் ஆண்டுப் படம் தனியார் முதலீடு; அவர் புதிய சந்தையின் பிள்ளை. டெல் தோரோ நாட்டை விட்டுப் போனதற்கு 1997-இல் அவர் அப்பா கடத்தப்பட்டது முக்கியக் காரணம். அதை நாஃப்டா தலையில் கட்டாதீர்கள்.

வரிச்சலுகை
மீண்ட கதைக்குப் பெயர் எஃபிசினே என்ற வரிச்சலுகை. 2006 முதல் நடைமுறை. ஒரு நிறுவனம் தன் வருமான வரியில் 10% வரை படத்துக்குக் கொடுத்து, அந்தத் தொகையை வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். 2014 சட்டத்தில் ஒரு படத்துக்கு உச்சவரம்பு 2 கோடி பெசோ.

கோளாறும் இங்கேதான். பணம் போடுகிற கம்பெனிக்குப் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரி கழிந்துவிடும். தயாரிப்பாளருக்கும் சம்பளமும் செலவும் பட்ஜெட்டிலேயே வந்துவிடும். ஆக, ரிலீஸைப் பற்றி யாருக்கும் அவசரமில்லை. விநியோகத்துக்கு ஒதுக்குவதோ தயாரிப்புத் தொகையில் சிறு துண்டு.

1999-இல் திரும்பக் கொண்டுவந்த 10% ஒதுக்கீட்டோடு, படம் பதிவான ஆறு மாதத்துக்குள் ஒரு வாரமாவது திரையிட வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. எந்த நேரக் காட்சி என்று சொல்லவில்லை. செவ்வாய் மதியம் இரண்டு மணி ஷோ போட்டாலும் கணக்குக்குச் சரி. முதல் வார இறுதி வசூலைப் பார்த்து அடுத்த வாரம் தூக்கிவிடுவார்கள். சினேபோலிஸ், சினேமெக்ஸ் என்ற இரண்டு தியேட்டர் நிறுவனங்களின் கையில்தான் பெரும்பாலான திரைகள் என்பதால் மாற்று இடமும் இல்லை. (அந்த சினேபோலிஸ்தான் இந்தியாவிலும் மல்டிபிளெக்ஸ் நடத்துகிறது.) உள்நாட்டுப் படத்துக்கு வரும் கூட்டம் மொத்தத்தில் 10% அளவிலோ அதற்குக் கீழேயோ நிற்கிறது.

திரைக்கணக்கு
தென்கொரியா மாதிரி டிக்கெட்டிலேயே சினிமா நிதிக்குப் பிடித்தம் செய்திருக்கலாமே?

பழைய ப்ரொஜெக்டர்
செய்து பார்த்தார்கள். 2003-இல் டிக்கெட்டுக்கு ஒரு பெசோ. ஹாலிவுட் விநியோக நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின, வசூல் நின்றது. கொரியாவில் 2007-இல் 3% பிடித்தம் தொடங்கியபோது நிலைமையே வேறு: அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சுக்காக உள்நாட்டுப் படத்துக்கான ஒதுக்கீட்டை வருஷத்துக்கு 146 நாளிலிருந்து 73 ஆகக் குறைத்த அரசு, அதற்கு ஈடாகக் கொடுத்தது அது. நாஃப்டாவில் கனடா கலாச்சாரத் துறைக்கு விலக்கு கேட்டு வாங்கியது. மெக்சிகோ வாங்கவில்லை.