கேபிள் முனைக்கு ஒரு தமிழ்ச் சொல்: பூணா, பிணையா, நாண்பூட்டா?

காட்பாடி, பயிற்றுநர்:

குழுவினருக்கு வணக்கம். மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறேன்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் அறுவையில், வயிற்றுக்குள் போகும் சில கருவிகளின் நுனி, நம் மணிக்கட்டு மாதிரி மடங்கித் திரும்பும். தண்டின் பருமன் 5 அல்லது 8 மில்லிமீட்டர்தான். நுனியில் மோட்டார் வைக்க இடம் கிடையாது. அதனால் வெளியிலிருந்து மெல்லிய கேபிள்கள் தண்டுக்குள் ஓடுகின்றன. ஒன்றை இழுத்தால் நுனி இடப்பக்கம் திரும்பும், அதன் ஜோடியை இழுத்தால் வலப்பக்கம். கேபிள் டங்ஸ்டன் கம்பியாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கும். ஏழு புரி, புரிக்கு ஏழு கம்பி என்று முறுக்கினால் 49 கம்பி. அத்தனையும் சேர்ந்தும் தையல் நூல் அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கேபிளின் முனை நழுவாமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் ஒரு குட்டி உலோகக் குழாயை முனையில் கோத்து நசுக்கி, அந்தத் தலையைக் கப்பியில் குடைந்த குழிக்குள் உட்கார வைக்கிறார்கள். அது மயிரிழை நழுவினாலும் மருத்துவர் கையைத் திருப்பும் அளவுக்கு நுனி திரும்பாது. பற்றவைத்தால் சூட்டில் கம்பியின் வலு குறையும். பசை போட்டால் கிருமி நீக்க 134 டிகிரி நீராவியில் திரும்பத் திரும்ப வேகவைக்கும்போது நம்ப முடியாது. முடிச்சுப் போட்டால் வளைவிலேயே அறும், இடமும் இல்லை.

குழாயை இப்படி நசுக்கிப் பிடிக்க வைப்பதைப் பிள்ளைகள் 'கிரிம்ப் அடிக்கிறது' என்கிறார்கள். நான் 'முனைப் பிடிப்பு' என்று எழுதினேன். "சார், இது வாயுப் பிடிப்பு மாதிரி இருக்கு" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னது சரி. உதவுங்கள்.

ஆற்காடு, தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. யாழின் கோட்டில் நரம்பை இறுக்கிக் கட்டும் கட்டுக்குத் திவவு என்று பெயர். பொருநராற்றுப்படையில் 'திண்பிணித் திவவு' என்றே வருகிறது. வார்க்கட்டு என்பது உரை. நீங்கள் சொல்வதும் அதே வேலைதானே? இழுவிசையில் நிற்கும் ஒரு நரம்பு, அதன் முனை நெகிழாத கட்டு. நெகிழ்ந்தால் அங்கே சுருதி போகும், இங்கே மருத்துவரின் கை போகும். கேபிள் என்ற சொல்லும் வேண்டாம், நரம்பு என்றே எழுதுங்கள். யாழைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய உண்டு. கோடு, பத்தல், போர்வை, ஆணி, மாடகம் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். கருவி செய்தவனே பெயரும் வைத்தான். இன்று கருவி வெளியிலிருந்து வருகிறது, பெயரும் கூடவே வருகிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது.

வேலூர், அறுவை அரங்குச் செவிலியர்:

ஐயா, மன்னிக்கணும், நரம்பு மட்டும் வேண்டாம். அரங்குக்குள் "நரம்பு அறுந்துடுச்சு" என்று ஒரு பழுது பார்ப்பவர் சொன்னால் எங்கள் நெஞ்சு நின்றுவிடும்.

நாண் என்று வைக்கலாமே. தசையை எலும்போடு சேர்ப்பதைத் தசைநாண் என்றுதான் எங்கள் பாடத்தில் படித்தோம். இந்தக் கருவியின் கேபிள் செய்வதும் விரலில் தசைநாண் செய்வதும் ஒரே வேலை. தசை முன்கையில் இருக்கிறது, மடங்குவது விரல். இந்த ஊருக்கு இது புதிது இல்லை. 1948இல் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்த ஆரம்பித்தார். நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாணை இடம் மாற்றி, செயலிழந்த விரலில் கொண்டுபோய்த் தைப்பதுதான் அந்த அறுவை. அதிலும் தையல் நழுவினால் விரல் மறுபடி மடங்கிவிடும். வில்லில் நாண் பூட்டுவது போல 'நாண்பூட்டு' என்றால் எங்களுக்குச் சட்டென்று புரியும்.

காட்பாடி, பயிற்றுநர்:

அம்மா, விளக்கம் அருமை, கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் பல கருவிகளின் பிடியில் தாடையை மூடி நிறுத்தப் பல்சட்டம் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே பூட்டு என்கிறார்கள். இரண்டும் குழம்பும்.

குடியாத்தம், இயந்திரப் பொறியாளர்:

எங்கள் வீட்டில் தறி ஓடியது. பழைய பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். என் அம்மா இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, துளி சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்குவார். முடிச்சே இருக்காது, இழுத்தால் வராது. அதைப் பிணைக்கிறது என்போம். ஐயா காட்டிய 'திண்பிணி'யிலும் அதே சொல்தான் இருக்கிறது. 'முனைப் பிணை' என் பரிந்துரை.

இன்னொன்று. எல்லாக் கருவியிலும் குழாய் நசுக்குவதில்லை. உருளையில் சில சுற்றுச் சுற்றியே பிடிக்க வைப்பதும் உண்டு. உராய்வுக் கெழு 0.15 என்றால் ஒரு சுற்றுக்குப் பிடி சுமார் 2.6 மடங்கு கூடும், மூன்று சுற்றுக்கு 17 மடங்கு. பெயர் இதையும் தாங்க வேண்டும்.

ராணிப்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

பிணை என்றால் செய்தித்தாள் படிக்கிறவருக்கு ஜாமீன். நான் நாள் முழுக்க இந்த வேலைதான் செய்கிறேன், மனதில் பட்டதைச் சொல்கிறேன்: கிரிம்ப் என்றே போடுங்கள். உதிரிப் பாகம் கேட்டு எழுதும்போது அந்தப் பையன் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவான்? திவவு என்று கேட்டால் யார் அனுப்புவார்கள்?

அணைக்கட்டு, விவசாயி:

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, கயிறு தெரியும். எங்கள் கிணற்றில் கவலை ஓட்டி, அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், இரண்டு கயிறு இருக்கும். தண்ணீர் மொள்ளும் சாலைத் தூக்க வடம், அதன் அடியில் தொங்கும் தோல் வாலைத் தூக்கிப் பிடிக்க வால்கயிறு. வடம் அறுந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. வால்கயிறு கட்டின இடத்தில் நழுவும். சால் மேலே வருவதற்குள் தண்ணீரெல்லாம் கிணற்றிலேயே கொட்டிவிடும். மாடு நடந்த நடை வீண்.

அந்தக் குட்டிக் குழாயைப் படித்ததும் எனக்கு உலக்கைப் பூண்தான் கண்ணில் வந்தது. உலக்கை நுனியைச் சுற்றிக் கொல்லர் அடித்து இறக்கும் இரும்பு வளையம். கைத்தடிக்கும் உண்டு. சுற்றி இறுக்கினால் பூண். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லத் தேவையில்லை.

காட்பாடி, பயிற்றுநர்:

ஐயா, இன்று வகுப்பில் 'பூண்' என்று கரும்பலகையில் எழுதினேன், விளக்கம் சொல்லவில்லை. பைக் கிளட்ச் வயரைக் கையில் கொடுத்து, பூண் எது என்று கேட்டேன். ஒரு பையன் பிடிப் பக்கத்துக் குண்டைக் காட்டினான். பக்கத்தில் இருந்தவன், "அது வார்த்தது, பூண் இது" என்று மறுமுனையில் புரி பிரியாமல் நசுக்கியிருந்த தொப்பியைக் காட்டினான். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆற்காடு, தமிழாசிரியர் (ஓய்வு):

பூண் நல்ல சொல், மறுக்கவில்லை. பூணுதல், பூட்டுதல், பூணூல் எல்லாம் ஒரு குடும்பம் என்று எழுத நான்கு பக்கம் இருக்கிறது, இப்போது வேண்டாம். ஆனால் பூண் என்பது வெளியே அணிவது. இழுவையைத் தாங்கி அடுத்த உறுப்புக்குக் கடத்துவது கட்டின் வேலை. குடியாத்தம் தம்பி சொன்ன, சுற்றிப் பிடிக்கும் வகையில் பூணே இல்லையே? அங்கே திவவுதான் பொருந்தும்.

காட்பாடி, பயிற்றுநர்:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது, இப்படி எழுதி முடித்தேன். நசுக்கும் குழாய்க்குப் பூண். செயலுக்குப் பூண் போடுதல். முதல் இடத்தில் மட்டும் 'கிரிம்ப் எனப்படும் பூண்'. அத்தியாயத் தலைப்பு 'கேபிள் முனைப் பிணைப்பு'. பிணைப்பு என்று நீட்டினால் ஜாமீன் ஞாபகம் வராது என்று ராணிப்பேட்டை நண்பரும் ஒப்புக்கொண்டார், கிரிம்ப் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சுற்றிப் பிடிக்கும் வகைக்கு 'சுற்றுப்பிடி' என்று வைத்திருக்கிறேன். எனக்கே அது நிறைவாக இல்லை.

ஆற்காடு, தமிழாசிரியர் (ஓய்வு):

அந்தச் சுற்றுப்பிடிக் கருவி ஒன்று பழுதாகி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள் தம்பி. காலைப் பேருந்தில் வந்து பார்க்கிறேன். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுற்று என்று கண்ணால் பார்க்காமல் திவவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.