சுவரில் ஈரக்கறை தெரிந்தால் உடனே பெயின்ட் அடிக்காதீர்கள்

வெளிநாட்டில் முதல் வீட்டுக்குக் குடிபோனதும் சுவரை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக ஒலித்தால் அது ஜிப்சம் போர்டு, அதாவது டிரைவால். மரச் சட்டத்திலோ தகரச் சட்டத்திலோ சுமார் அரை அங்குலக் கனப் பலகையைத் திருகி, இணைப்பில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

செங்கல் சுவருக்குப் பழகிய நாம், ஓதம் ஏறினால் வெயிலில் தானாகக் காயும் என்று விட்டுவிடுவோம். இந்தச் சுவரில் அப்படி விடக்கூடாது. பலகையின் நடுவில் ஜிப்சம், இருபுறமும் காகிதம். அந்தக் காகிதம் பூஞ்சைக்கு நல்ல தீனி. நனைந்த பலகை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். தரையில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும், திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பலகை அதை மேலே இழுத்துக்கொள்ளும்.

எங்கள் முதல் வாடகை வீட்டில் வாஷிங் மெஷினின் குழாய் சுவருக்குள் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. வெளியே ஒரு கறையும் இல்லை, பக்கத்து அறையில் மட்டும் புழுங்கிய வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தே மூன்று வாரம் ஓட்டினோம். பிறகு சுவரடிப் பட்டையைக் கழற்றினால் பின்னால் முழுக்கக் கறுப்பு. குழந்தை தூங்கிய அறை அது. வாடை வந்த அன்றே தேடாமல் போனோமே என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

அதனால் மூக்கை நம்புங்கள். பழுப்பு வளையம் தெரிந்தால் அதன் விளிம்பை பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். கறை கோட்டைத் தாண்டினால் கசிவு இன்னும் நிற்கவில்லை. வாடகை வீடென்றால் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது. ஈரம் பிளக் பாயின்ட் பக்கம் இருந்தால் அந்த இணைப்பின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள்.

எல்லா ஈரமும் குழாயிலிருந்து வருவதில்லை. குளிர்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் அதன் பின்னால் காற்று ஓடாது. நாம் சமைக்கிற, குளிக்கிற, துணி உலர்த்துகிற நீராவி குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். குளித்த பிறகும் இருபது நிமிடம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். அறைக் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்து, அளவு 50 சதவீதத்தை ஒட்டியே இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த வீடென்றால் முதல் வேலை கசிவை நிறுத்துவது. அப்புறம்தான் சுவர். ஊறி மெத்தென்று ஆன பலகை தேறாது. ஈரக் கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை வெட்டி எடுங்கள். குளிர் தடுக்க உள்ளே அடைத்த பஞ்சு நனைந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சட்டம் நன்றாகக் காயும்வரை, நாட்கள் ஆனாலும், மூடவே வேண்டாம். பூஞ்சை மேல் பிளீச் ஊற்றினால் மேற்பரப்பு வெளுக்குமே தவிர, காகிதத்துக்குள் வேரோடியது அப்படியே இருக்கும். பூஞ்சை ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால் ஆளைக் கூப்பிடுவதே நல்லது. கெடாத பலகையில் வெறும் கறைதான் என்றால், காய்ந்தபின் கறை மறைக்கும் பிரைமர் ஒரு கை அடியுங்கள். நேராகச் சாதாரணப் பெயின்ட் அடித்தால் பழுப்பு மறுபடி மேலே வரும்.

பழைய வீடுகளில் மெல்லிய மரச்சட்டங்கள் மேல் காரை பூசிய சுவர் இருக்கும். காகிதம் இல்லாததால் அது ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். காய்ந்தபின் அழுத்திப் பாருங்கள். அசையாமல் இறுகி இருந்தால் விட்டுவிடலாம், அசைந்தால் பிடிப்பு விட்டுவிட்டது. ஆனால் 1980க்கு முந்தைய வீடென்றால், டிரைவால் பட்டியிலோ காரையிலோ ஆஸ்பெஸ்டாஸும் பெயின்டில் ஈயமும் இருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்க்காமல் வெட்டவோ உரசவோ வேண்டாம்.