கல்லுப்பு, கருப்பட்டி, நிலவேம்பு, முருங்கைக்கீரை: இதெல்லாம் இருந்தா நோயே வராதா?

பாம்பன் கரை
எங்க வீட்டுல வாட்ஸ்அப் பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் மாத்திட்டாங்க. பாக்கெட் உப்பு போய் உப்பளத்துக் கல்லுப்பு வந்தாச்சு, சீனிக்குப் பதில் கருப்பட்டி, மழைக்காலத்துக்கு நிலவேம்பு, ரத்தம் ஊற முருங்கைக்கீரை. அம்மாவுக்கு பிரஷர். தங்கச்சி 5 மாச கர்ப்பம், சத்து மாத்திரையை நிறுத்தப் போறேங்குது. இதுல எது நிஜமாவே நோயைத் தடுக்கும், எது சும்மா பேச்சு?

உப்புக்காத்து
முதல்ல உப்பை மாத்துங்க, அதுதான் அவசரம். கடல்ல இருந்து வர்ற உப்புல அயோடின் தானா இருக்கும்னு நம்ம பக்கம் எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லை. பாத்தியில உப்பு பூக்கும்போது அதோட தங்குற அயோடின் ரொம்பச் சொற்பம். வாலிநோக்கம் உப்பளத்து உப்பா இருந்தாலும் தொழிற்சாலையில சேர்த்தாத்தான் உண்டு. கடையில வாங்குற அயோடின் உப்புல கிராமுக்குக் குறைஞ்சது 15 மைக்ரோகிராம் இருக்கணும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 250 மைக்ரோகிராம். அது குறைஞ்சா வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சி பாதிக்கும். கல்லுப்பு ருசிதான் வேணும்னா அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்ல கிடைக்குது. மூடி போட்ட டப்பாவுல, அடுப்பை விட்டுத் தள்ளி வைங்க. குழம்பை இறக்குற நேரத்துல போடுங்க.

அம்மா விஷயம்: கல்லுப்பா இருந்தாலும் பொடியுப்பா இருந்தாலும் சோடியம் ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள நிக்கணும். வீட்டுல 4 பேர்னா மாசத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும், 25 நாள்ல தீர்ந்தா ரெண்டு மடங்கு உள்ள போகுதுன்னு அர்த்தம். (மீன் கழுவுற உப்பைத் தனியா வைங்க, இல்லாட்டி கணக்கு தப்பும்.) இதுல கருவாடு, ஊறுகாய், அப்பளம் சேரவே இல்லை. கருவாட்டை வெந்நீர்ல அரை மணி ஊற வச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, இன்னொரு தடவை அலசுங்க. குழம்புக்குத் தனியா உப்பு போடாதீங்க. அப்படியும் உப்பு முழுசாப் போகாது, அதனால அம்மாவுக்கு எப்பவாவது ஒரு துண்டு போதும்.

கீழக்கரை மீன்சோறு
காக்கா (அண்ணே), தினம் மீன் திங்கிற ஊர்ல அயோடினுக்கு இவ்வளவு பயம் காட்டணுமா? மீன்லயே வந்துருமே.

உப்புக்காத்து
மீன்ல உண்டு, மறுக்கல. ஆனா மீனுக்கு மீன் அளவு மாறும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகு போகாது, விலை ஏறிரும், வீட்டுல மீன் குறையும். மசக்கையில மீன் வாடையே ஆகாத பிள்ளைகளும் இருக்கு. உப்பு மட்டும்தான் தினம் தவறாம உள்ள போற பொருள்.

பனங்காடு
கருப்பட்டி பத்தி ரெண்டே வரி. அதுல பெரும்பங்கு சீனியில இருக்குற அதே சர்க்கரைதான், சுகர்காரங்களுக்கு ரத்தத்துல அளவை ஏத்தத்தான் செய்யும். பதநீர் 200 மில்லியிலயே 20 கிராமுக்குக் குறையாம சர்க்கரை இருக்கும். பனையில நிஜமாவே நல்லதுன்னா கிழங்கைச் சொல்லலாம், நார்ச்சத்து உண்டு. ஆனா அவிச்சது ஒண்ணு ரெண்டோட நிறுத்தணும், அதுலயும் மாவு நிறைய.

தொண்டி செவிலியர்
தங்கச்சிகிட்ட சொல்லுங்க, மாத்திரையை நிறுத்தவே கூடாது. அரசு ஆஸ்பத்திரியில தர்ற ஒரு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். 180 நாள் போடணும். 100 கிராம் முருங்கை இலையில இரும்பு சுமாரா 4, 5 மில்லிகிராம்தான், அதுலயும் உடம்பு எடுத்துக்கிறது பத்துல ஒரு பங்குகூட வராது. ஒரு கிலோ கீரையை யாரும் தினம் தின்ன முடியாது.

அதுக்காகக் கீரையை விட்டுறாதீங்க, சாப்பிடுற முறையை மாத்துங்க. வேக வச்ச தண்ணியைக் கொட்டாதீங்க. இறக்கினதுக்கு அப்புறம் எலுமிச்சை பிழிங்க, இல்லை பச்சை நெல்லிக்காய் ஒண்ணு கூட வைங்க. வைட்டமின் சி இருந்தா கீரை இரும்பு நல்லா ஏறும். அதே தட்டுல மத்தி, நெத்திலி இருந்தா இன்னும் நல்லா ஏறும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா எல்லாம் வீண், ஒரு மணி நேரமாவது போகட்டும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒண்ணா முழுங்கக் கூடாது, ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். மலம் கறுப்பாப் போகும், அது மாத்திரையோட குணம். பாதிப் பேர் அதைப் பார்த்துப் பயந்துதான் நிறுத்துறாங்க.

நெல்லிக்காய் தின்னா சளி பிடிக்காதுன்னு சொல்றதும் சரியில்லை. தினம் வைட்டமின் சி எடுத்தா சளி வந்த பிறகு கொஞ்சம் சீக்கிரம் விடும், அவ்வளவுதான்.

மண்டபம் தண்ணிவண்டி
நிலவேம்பைத் தங்கச்சிக்குக் குடுக்காதீங்க, கர்ப்பத்துல அது ஆகாது. மத்தவங்க குடிச்சாலும் கொசு கடிக்கத்தான் செய்யும். நம்ம ஊர்ல டெங்கு வர்ற வழி சோத்துல இல்லை, டிரம்முல இருக்கு. குடிதண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வருது, எல்லாரும் பிடிச்சு வைக்கிறோம். ஏடிஸ் கொசு தண்ணிக்கு மேல ஈரச் சுவர்ல முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணியை மட்டும் கொட்டிட்டு மறுபடி நிரப்புனா அதே முட்டை பொரிக்கும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது. அதனால வாரம் ஒரு தடவை உள்சுவரைத் தேங்காய் நாரால அழுத்தித் தேய்ச்சுக் கழுவுங்க. முக்கியமா விளிம்புக்குக் கீழ நாலு விரக்கடை. பிறகு வேட்டித் துணியால வாயை இறுக்கிக் கட்டுங்க. ஐப்பசி, கார்த்திகையில கரையேத்திப் போட்ட வள்ளத்துக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியையும், ஓட்டை மீன்பெட்டிகளையும் கவுத்து விடுங்க.

காய்ச்சல் வந்துட்டா பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்ட அடுத்த ரெண்டு நாள்தான் கவனிக்கணும். அப்ப வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், இதுல எது வந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கிட்டு இருக்காம ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.