புதுப்பிப்பு: சப்வூஃபருக்கு 1000 வாட்ஸ் ஆம்ப் தேவையா?

காரில் உள்ள 12 அங்குல சப்வூஃபருக்கு (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) 500 வாட்ஸ் ஆம்பை (ஆம்ப்ளிஃபயர்) எடுத்துவிட்டு 1000 வாட்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தேன். ஆம்ப் அப்படியே இருக்கிறது, பெட்டியைத்தான் மாற்றினேன். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான். மூடிய பெட்டிக்குப் பதில் 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த போர்ட் பெட்டி (காற்றுத் துளை வைத்தது) வந்ததும் பேஸ் அடி தாராளமாகவே கூடிவிட்டது. ஆனால் அந்த 35 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியில் ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) கட்டுப்பாடின்றி ஆடும். அந்தத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் கட்டாயம்.

அப்புறம், சப்வூஃபர் எவ்வளவு வாட்ஸ் தாங்கும் என்பது பற்றி. ஆம்ப் தரும் சக்தியில் பெரும்பகுதி வாய்ஸ் காயிலில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) வெப்பமாகத்தான் போகிறது. காயில் பெரிதாக இருந்து, காற்றோட்டமும் இருந்தால் தாங்கும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் ‘பீக்’ வாட்ஸை (கணநேர உச்சம்) விடுங்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்ஸ்) எவ்வளவு என்று பாருங்கள். இப்போது டிக்கியில் நம்பர் பிளேட் கடகடக்கிறது, அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.