முன் பிரேக் கேலிப்பருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா? பேட் வேறு ஒரு பக்கம் தேய்கிறது

புங்கோல் ஆல்டிஸ்

வணக்கம். என் வண்டி 2011 டொயோட்டா ஆல்டிஸ் கார். 2021இல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்தோம், அதனால் 2031 வரை இதுதான் எங்கள் குடும்ப வண்டி. போன மாதம் புது ரிம் போட்டேன். கம்பிகள் மெல்லிசாக இருப்பதால் உள்ளே பிரேக் பேட்டை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரின் துரு தூரத்திலிருந்தே தெரிகிறது. சிவப்பு அடித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை.

ரிம் மாற்றும்போது ஒன்று கண்ணில் பட்டது. இடது முன் சக்கரத்தில் உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கம் 6 இருக்கிறது. வலது பக்கம் இரண்டும் ஏறக்குறைய சமம். பேட் புதிதாகப் போட்டுவிட்டு, வெளியே சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் போதுமா? நான் இருப்பது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு, வண்டி நிற்பது மல்டி ஸ்டோரி கார்பார்க். எங்கே வைத்துச் செய்வது என்பதும் தெரியவில்லை.

துருவிரட்டி

தம்பி, பெயிண்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் கடைசியில் எழுதிய 2, 6 என்ற இரண்டு எண்கள்தான் முதல் விஷயம்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் உள்ள, ‘பின்’ எனப்படும் இரண்டு இரும்புத் தண்டுகளில் வழுக்கி ஓடும் கேலிப்பர். பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில் மொத்த உடம்பும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேட்டை இழுத்து வந்து டிஸ்கில் அழுத்தும். பின் இறுகிவிட்டால் உடம்பு நகராது, உள்பேட் மட்டும் வேலை செய்து தேயும். உங்கள் கணக்கு அப்படித்தான் தெரிகிறது. இதன் மேல் சிவப்பு அடித்தால் அழகான சிவப்புக் கேலிப்பர் ஒன்று புதுப் பேட்டையும் தின்றுவிடும்.

நான் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் 22 வருடம் பெயிண்ட் வேலை பார்த்தவன். என் வண்டிக்கு இதைச் செய்து மூன்று வருடம் ஆகிறது, செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

இடம்தான் நமக்குப் பெரிய சிக்கல். வீவக கார்பார்க்கில் ரிப்பேர் செய்ய அனுமதி இல்லை. வண்டியைச் சக்கரமில்லாமல் மூன்று நாள் நிறுத்தவும் முடியாது. அதனால் வண்டியில் இருப்பதைக் கழற்றாமல், அதே மாடலின் பழைய கேலிப்பர் ஒரு ஜோடியைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கினேன். சிஓஇ முடிந்து உடைக்கப்படும் வண்டிகள் இங்கே நிறைய, தேடினால் கிடைக்கும். அவற்றை வீட்டில் வைத்து மூன்று வாரயிறுதி நிதானமாகச் சரிசெய்தேன். பிறகு தரைவீட்டில் இருக்கும் நண்பரின் வாசலில் ஒரே மதியத்தில் மாற்றினோம். கழற்றியதை எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறைக்கு அது.

பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரஸர் வேண்டாம். பிரேக் ஹோஸ் சேரும் துளையில் ரப்பர் முனையை அழுத்தி, டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பால் மெதுவாக அடித்தேன். எதிரே மரத்துண்டு வைத்தாக வேண்டும், விரலை அந்த இடைவெளியில் விடவே கூடாது. ஒன்று நாலாவது மிதியிலேயே வந்துவிட்டது. இன்னொன்று அசையவில்லை. அதற்கு, காற்றை வெளியேற்றும் நிப்பிளின் துளையில் கிரீஸ் கன் முனையைப் பொருத்தி, மற்றத் துளையை அடைத்துக் கிரீஸை ஏற்றினேன். சத்தமே இல்லாமல் புழு மாதிரி நகர்ந்து வந்தது. பிறகு அந்தக் கிரீஸ் ஒரு துளிகூட மிஞ்சாமல் துடைத்தேன். சாதாரணக் கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும்.

உள்ளே பிஸ்டனைச் சுற்றி ஒரு சீல் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரம். பிரேக்கை மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அதுவும் இம்மியளவு சாயும், காலை எடுத்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல்தான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, வேறு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சீல் உட்காரும் பள்ளத்தில் பழைய பிரேக் ஆயில் காய்ந்து பொருக்காக இருந்தால் சீல் சாய இடமில்லாமல் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். நான் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி அதன் நுனியால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டினேன். இரும்புக் கம்பி போட்டால் கீறல் விழும். பிரேக் கிளீனர், ஈர்க்குச்சி, பழைய பருத்தித் துணி, இவ்வளவுதான் உள்ளே போகலாம்.

பிஸ்டனை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். குரோம் பூச்சில் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள், புதுப் பிஸ்டன் வாங்குங்கள். சீலும், தூசி புகாமல் தடுக்கும் டஸ்ட் பூட்டும் எப்படியும் புதுசுதான், ரிப்பேர் கிட்டாகவே விற்கிறார்கள். புதுச் சீலைப் பிரேக் ஆயிலில் நனைத்து விரலால்தான் உட்கார வைக்க வேண்டும்.

இனி பெயிண்ட். துருவை எடுக்க, கேலிப்பரை வண்டியோடு சேர்க்கும் பிராக்கெட்டை மட்டும் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஓர் இரவு போட்டேன், லிட்டருக்கு 50 கிராம். கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கின மாதிரி காலையில் வெறும் இரும்பு தெரியும். ஆனால் நம் ஊர் காற்றில் கழுவிய ஒரு மணி நேரத்துக்குள் ஆரஞ்சுப் படலம் வந்துவிடும். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, முடி உலர்த்தும் கருவியால் கை சுடும்வரை காய வைத்து, ஆல்கஹாலில் துடைத்து, உடனே முதல் பூச்சைப் போடுங்கள். பிஸ்டன் இருக்கும் உடம்பை ஊறப்போடாதீர்கள், வெளிப்புறத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தால் போதும்.

கப்பலில் எங்களுக்கு ஒரு விதி. ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் டப்பாவைத் திறக்க மாட்டோம். காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். வீட்டுக்கும் அதே விதிதான். இங்கே காலையில் 90க்கு மேல் போகும், மழை இல்லாத மதியத்தில்தான் இறங்கும். ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள் அடித்தேன். ஒரு சனிக்கிழமை மழை பிடித்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்த வாரம் தொடர்ந்தேன்.

பெயிண்ட் படவே கூடாத இடங்களுக்கு டேப் ஒட்டுங்கள். பேட்டின் காது வழுக்கி ஓடும் இடம், பின் போகும் துளை, டஸ்ட் பூட்டின் பள்ளம், ஹோஸின் செப்பு வாஷர் உட்காரும் முகம், நிப்பிள். முக்கியமாக, பிராக்கெட் வண்டியோடு போல்ட்டில் சேரும் தட்டையான முகம். அங்கே பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி மெலியும், போல்ட் தளரும். பிரேக்கைத் தாங்கும் போல்ட் அது.

காக்கி புக்கிட் ஸ்பேனர்

அண்ணன் சொன்னதோடு என் பங்குக்குச் சில. நான் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவன்.

பழைய கேலிப்பர் வாங்கும்போது கடையிலேயே நிப்பிள் சுழல்கிறதா என்று பாருங்கள். துருவில் ஒட்டி, திருகும்போது ஒடிந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

வண்டியில் ஹோஸைக் கழற்றுவதற்கு முன் பிரேக் மிதியை ஓர் அங்குலம் அழுத்தி ஒரு குச்சியால் முட்டுக் கொடுங்கள். மிதியின் விசையை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டரின் துளை மூடிக்கொள்ளும், ஆயில் கொட்டிக்கொண்டே இருக்காது. ஆயில் டேங்க் வற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்குள் காற்று புகுந்தால் சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. பிரேக் ஆயில் புதுப்பெயிண்டை உரித்துவிடும், பக்கத்தில் தண்ணீரும் துணியும் இருக்கட்டும்.

இடது, வலது மாறக்கூடாது. மாற்றிப் போட்டாலும் சிலது கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கும், நிப்பிள் வழியே காற்றை வெளியேற்றும் பிளீடிங்கை எத்தனை முறை செய்தாலும் மிதி பஞ்சு மாதிரியே இருக்கும். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் வருடத்தில் இதில் ஒரு முழு மாலை போனது. மூன்று பாட்டில் ஆயில் ஊற்றிய பிறகுதான் தலை குனிந்து நிப்பிளைப் பார்த்தேன். நிப்பிள் எப்போதும் மேலே.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத பாட்டில். திறந்து வைத்தது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155. அப்புறம், எல்லாம் மாட்டியதும் எஞ்சினைத் தொடுவதற்கு முன் மிதியைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். முதல் மிதி தரைவரை போகும். அதை வண்டி நகரும்போது கண்டுபிடிக்கக் கூடாது.

தெம்பனிஸ் அக்கா

துருவிரட்டி அண்ணே, எங்கள் வீட்டிலும் என் கணவர் இதே வேலையை ஆரம்பித்திருக்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளை. ஸ்பிரேயை நடைபாதையில் அடிக்கலாமா? பெயிண்ட் கெட்டியாக ஓவனில் வைக்கலாம் என்கிறாரே?

துருவிரட்டி

வேண்டாம் தங்கச்சி, இரண்டுமே வேண்டாம். நடைபாதை எல்லோரும் நடக்கும் இடம், ஸ்பிரே தீப்பிடிக்கும் பொருள், புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். சமையல் ஓவனில் வைத்தால் அந்த வாடை பிறகு சாப்பாட்டில் வரும், ஓவனைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கேலிப்பருக்கென்றே பிரஷில் பூசும் இரண்டு டப்பாப் பெயிண்ட் இருக்கிறது, கலந்து பூசினால் அறைச் சூட்டிலேயே கெட்டியாகும். நான் போட்டது அதுதான். வாடை அதற்கும் உண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து அன்று மதியம் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரே தடியான பூச்சு வழியும். மெல்லிசாக மூன்று பூச்சு.

பேட்டின் கறுப்புத் தூளை ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். அந்தத் துணி பிள்ளை கையில் படாமல் பையில் கட்டிக் குப்பைக்குப் போகட்டும். பழைய பிரேக் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

புங்கோல் ஆல்டிஸ்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். முடித்துவிட்டேன்.

கழற்றிய இடது கேலிப்பரைப் பார்த்தபோது மனசு கலங்கிவிட்டது. கீழ்ப்பின்னின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து, பின்னில் பழுப்புத் துரு வளையம் வளையமாக. கையால் இழுத்தேன், வரவில்லை. பிளையரால் முறுக்கித்தான் வந்தது. இந்த நிலையில்தான் போன ஜூன் விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலாக்கா போய் வந்திருக்கிறேன்.

புதுப் பின், புது உறை, சிலிக்கோன் கிரீஸ். இரண்டில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருந்தது. எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்ததால் குழம்பவில்லை. போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். மச்சான் மிதியை மிதிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூட, ஒன்றரை மணி நேரம் பிளீடிங்.

நேற்று புங்கோலிலிருந்து துவாஸ் வரை ஓட்டிப் போய், இறங்கியதும் இரண்டு முன் ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோனேன். ஒரே சூடு. இதுவரை இடது பக்கம் எப்போதும் கொதிக்கும். புது ரிம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் நன்றாக வந்திருக்கிறது.

துருவிரட்டி

நல்லது தம்பி. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஹோஸ் சேரும் போல்ட்டைச் சுற்றி வெள்ளை டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். ஈரம் தெரிந்தால் செப்பு வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். அதையே மேலும் இறுக்க வேண்டாம்.