குன்னூர்ல ஈரம் ஏறுற வீட்டுக்கு 43 இன்ச் டிவி போதுமா, 55 போலாமா?

சிம்ஸ்பார்க்_பக்கத்துவீடு:
வணக்கம்ங்க. குன்னூர்ல பழைய ஓட்டு வீடு, ஹால் பத்துக்குப் பன்னெண்டு, சோபாலருந்து செவுரு ஏழடி வரும். இருந்த 32 இன்ச் டிவி இந்த ஐப்பசி மழையோட போயிடுச்சு. மொதல்ல கீழ் ஓரத்துல டீக்கறை மாதிரி ஒரு மங்கல், அப்புறம் கோடு கோடா, ஒரு நாள் பாத்தா சத்தம் மட்டும் வருது படத்தக் காணோம். கம்பெனி ஆளு வந்து ஈரம் போயிருக்கு வாரண்டி கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப வீட்ல 55 தான் வேணும்ங்கறாங்க, பையன் ஓஎல்இடிங்கற ஒசந்த ரகம் வேணும்ங்கறான், அம்மாவுக்கு நியூஸும் சீரியலும் ஓடுனா போதும். எங்க சித்தி வீட்ல 2006 ஆட்சில குடுத்த அந்த 14 இன்ச் இலவச கலர் டிவி இன்னும் ஓடுதுங்க, வயித்தெரிச்சலா இருக்கு. எத வாங்கறது?

கோத்தகிரி_கம்பளி:
ஏழடிக்கு 43 தாராளம்ங்க. 55ன்னா அகலமே நாலடி கிட்ட வருது, அளவு நாடா வெச்சு செவுத்துல பென்சில்ல கோடு போட்டு ரெண்டு நாள் பாருங்க, வீட்ல அவங்களே வேண்டாம்பாங்க. இன்னொண்ணு, அம்மா பாக்குற சாதா சேனலப் பெருசுல போட்டா எல்லார் மூஞ்சியும் மாவு பூசுன மாதிரி தெரியும், ஹெச்டி பேக் இல்லன்னா பெரிய டிவி தண்டம். வெல பாத்து பயப்படாதீங்க, 2025 செப்டம்பர் 22லருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்கறதுக்கும் ஜிஎஸ்டி 28லருந்து 18க்கு எறங்கிருச்சு. அப்புறம் எந்தச் செவுத்துல மாட்டிருந்தீங்க? நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகைல சாரல் அடிக்கற வெளிச்செவுரா இருந்தா எந்த டிவி வாங்குனாலும் அடுத்த வருஷம் இதே கேள்வியக் கேப்பீங்க.

ஊட்டி_சோல்டரிங்:
நான் ரிப்பேர் வேலை பாக்கறவன். தப்பா எடுத்துக்காதீங்க, கீழ் ஓரத்துல ஆரம்பிச்சுதுன்னு சொன்னீங்களே, அந்த டிவிய யாரு தொடைக்கறது, எப்பிடி? கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஸ்கிரீன் மேல நேரா ஸ்ப்ரே அடிச்சா தண்ணி வழிஞ்சு கீழ பிரேமுக்குள்ள போயிடும், நெறய மாடல்ல பேனலுக்கு, அதான் படம் தெரியற பலகைக்கு, சிக்னல் கொண்டு போற மெல்லிசு பட்டி அங்கதான் ஒட்டிருக்கும், அது அரிச்சுதுன்னா கோடு விழும். பனி மேல பழிய போட்டுடறாங்க, எங்கிட்ட வர்றதுல பாதி தொடைக்கற துணி பண்ற வேலை. துணிய லேசா நனைச்சுப் புழிஞ்சு தொடைக்கணும், ஆப் பண்ணிட்டு.
இப்ப ஒண்ணு பண்ணுங்க. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டிவியப் போட்டு, ஸ்கிரீனுக்குக் கிட்ட டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. உள்ள மங்கலா படம் ஓடுச்சுன்னா பின்னாடி இருக்கற எல்இடி பட்டைதான் போயிருக்கு, அத மாத்தலாம். ஆனா அந்தப் படத்துலயும் கோடு இருந்தா பேனலே போச்சு, அதுக்கு மேல ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க.
பெட்டி டிவியோட ஒப்பிடாதீங்க, அதுவும் ஈரத்துல உஸ்ஸுன்னு சத்தம் போடும், ஆனா உள்ளயே சூடு இருக்கறதால காஞ்சுக்கும்.

கொடைக்கானல்_ஏரிக்கரை:
ஓஎல்இடி கறுப்பு அழகுதான், நான் மறுக்கல, அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும் தானா அணையும். ஆனா நாள் பூரா நியூஸ் ஓடற வீட்டுக்கு வேண்டாம்ங்க, சேனல் லோகோவும் கீழ ஓடற பட்டையும் ஒரே எடத்துல எரிஞ்சு எரிஞ்சு நாளாவட்டத்துல தடம் பதிஞ்சு போகும். சாதா எல்இடி வாங்கிட்டு மிச்சக் காசுல நல்ல ஸ்டெபிலைசரும் சின்ன சவுண்ட்பாரும் வாங்குங்க, ஓட்டுல மழை விழற சத்தத்துல இந்த மெல்லிசு டிவி ஸ்பீக்கர் ஒண்ணும் கேக்காது. இடி இடிச்சா பிளக்கயும் டிஷ் ஒயரயும் ரெண்டையும் புடுங்கணும், நான் பிளக்க மட்டும் புடுங்கிட்டு ஒரு செட்டாப் பாக்ஸத் தொலைச்சவன்.

சிம்ஸ்பார்க்_பக்கத்துவீடு:
டார்ச் அடிச்சுப் பாத்தோம்ங்க. நியூஸ் வாசிக்கற அம்மா ஆவி மாதிரி உள்ள தெரியறாங்க, ஆனா மூஞ்சிக்குக் குறுக்க அதே கோடு. தொடைக்கறது எங்கம்மாதான், கண்ணாடி தொடைக்கற ஸ்ப்ரேய வாரம் ஒருக்கா பொசுக் பொசுக்னு அடிப்பாங்களாம். கேட்டா, சுத்தமா வெச்சுக்கறது தப்பாடாங்கறாங்க. 43 சாதா எல்இடின்னு முடிவாயிருச்சு. அடுப்படிக்கு முதுகு காட்டுற உள்செவுரு ஒண்ணு இருக்கு, எப்பவும் காஞ்சே இருக்கும், அங்க மாட்டலாமா? மேட்டுப்பாளையத்துல வாங்கி ஜீப்ல ஏத்திட்டு வரலாம்னு இருக்கேன்.

ஊட்டி_சோல்டரிங்:
அந்தச் செவுரு நல்லது, பின்னாடி காத்துப் போக எடம் விட்டு மாட்டுங்க. ஜீப்ல படுக்கப் போட்டுக் கொண்டு வராதீங்க, நிக்க வெச்சு யாராவது ஒருத்தர் புடிச்சுட்டு வரணும், கொண்டை ஊசில படுத்த பேனல் வளைஞ்சு கிராக் வுடும். ராத்திரி குளிர்ல வந்து எறங்குனா அடுப்பு எரியற ரூம்ல வெச்சு ஒடனே ஆன் பண்ணாதீங்க, உள்ள வேர்த்திருக்கும், காலைல போடுங்க.