ரேஷன் அரிசியை யார் தின்கிறார்கள்?

மார்த்தாண்டம் தம்பி: மாதாமாதம் 20 கிலோ அரிசியை இலவசமாகக் கொடுத்துத்தான் ஏழைகளுக்குச் சர்க்கரை வியாதியை வரவழைத்தார்கள். அதுவும் நம்ம குமரி மாவட்டத்தில் ரேஷன் அரிசியை எவனும் பொங்கித் தின்பதில்லை, எல்லாம் களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகுது.

குளச்சல்காரன்: எவனும் தின்பதில்லை என்றால் அந்த அரிசியால் சர்க்கரை எப்படி வந்தது? எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அதுதான். கடத்துகிறவன் கடத்துகிறான், அதற்காக அட்டை வைத்திருக்கிற எல்லாரையும் கள்ளன் ஆக்காதே. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும்போது அந்த அரிசியில்தான் எங்கள் அடுப்பு எரியுது.

மார்த்தாண்டம் தம்பி: தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகான வள்ளத்தில் போகிறவனுக்கு இல்லை. நிவாரணமும் வாங்குகிறீர்களே.

குளச்சல்காரன்: ஆனி, ஆடியில் கடல் கிடக்கிற கிடப்பைப் பார்த்துவிட்டு வள்ளத்தைப் பற்றிப் பேசு. மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றால் உங்கள் பக்கத்து வெட்டுக்காரன் வீட்டில் எந்த அரிசி வேகுது என்றும் கேட்டுப் பார்.

தக்கலை டீச்சர்: அரிசி மட்டுமே தட்டில் இருப்பதுதான் கேடு. பருப்பு 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்? பிள்ளைகளுக்காவது சத்துணவில் முட்டை உண்டு. தாய்மார்கள் கஞ்சியும் துவையலுமாக ரத்தசோகையில் கிடக்கிறார்கள்.

குளச்சல்காரன்: சரி டீச்சர், ஆனால் அரிசிக்குக் காசு போகாததால்தான் சாளை மீன் வாங்கக் கையில் ஏதோ மிஞ்சுது. அரிசியை நிறுத்தினால் முதலில் மீனும் முட்டையும்தான் போகும், சோறு போகாது.

திற்பரப்பு அண்ணன்: ரேஷனை நம்பாமல் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தின்று திடமாக வளர்ந்தவர்கள் நாங்கள்.

குளச்சல்காரன்: கிழங்கில் மாவுதான் அண்ணே, புரதம் பேருக்குத்தான். 1942இல் பர்மா அரிசி வராமல் போனபோது நம்ம மாவட்டம் அன்றைக்கு இருந்த திருவிதாங்கூரே கிழங்கைத் தின்று பிழைத்தது. பஞ்சத்துச் சாப்பாட்டைப் பெருமை பேசாதீர்கள்.

திற்பரப்பு அண்ணன்: கிழங்கைப் பழிக்கிறவன் குமரிக்காரனே இல்லை.

மார்த்தாண்டம் தம்பி: பேச்சை மாற்றாதீர்கள். ரேஷன் அரிசியை யாரும் தின்பதில்லை.

குளச்சல்காரன்: நான் தின்கிறேன், என் பிள்ளைகள் தின்கிறார்கள், நாங்கள் யாருமில்லையா? 2017இல் ஓகி புயல் அடித்து ஆட்களைக் கடலில் தேடிக்கொண்டிருந்தபோதும் நிவாரணக் கணக்குத்தான் பேசினாய். அதை எங்கள் கரையில் ஒருத்தரும் மறக்கவில்லை.

மார்த்தாண்டம் தம்பி: ஓகிக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம்?